ஆர்க்காட்டுக் கடனும் ஆங்கிலப் பாராளுமன்றமும்: கம்பனிப் பணத்தின் அரசியற் செல்வாக்குப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் தம் வாக்கினால் தெரிவுசெய்யும் பிரதிநிதிகள் அம்மக்களுக்கே பொறுப்புடையோராய் இருத்தல் வேண்டும் என்பது சனநாயகத்தின் முதற் கோட்பாடாகும். இக்கோட்பாட்டுக்குப் பெரும் வணிக நிறுவனங்களின் பணத்தினால் விளையும் ஊறு பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. கம்பனிகள் தேர்தற் காலத்திற் சுயேச்சையாகச் செய்யும் பிரசாரச் செலவுக்குத் தடை விதித்தலாகாது என ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2018 இல் நடைமுறைக்கு வந்த தேர்தற் பத்திரத் திட்டம், கட்சிகளுக்குப் பணம் கொடுத்தோரின் பெயரை வாக்காளரிடமிருந்து மறைத்தது. அத்திட்டம் அரசியல் யாப்புக்கு முரணானதென 2024 பெப்ரவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தினால் நீக்கப்பட்டது.

இவற்றைக் காண்போர், இஃது இருபதாம் நூற்றாண்டின் ஏகபோக முதலாளித்துவத்தோடு தோன்றிய நோய் என எண்ணுதல் இயல்பே. ஆனால், பாராளுமன்ற ஆட்சிமுறையின் தாயகம் எனப் போற்றப்படும் இங்கிலாந்திற் பொதுமக்கள் வாக்குரிமை பெறுவதற்கு வெகுகாலம் முன்னதாகவே கம்பனிப் பணம் சட்டசபையினுள் நுழைந்துவிட்டது. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் தமிழ்நிலத்து வயல்களின் விளைச்சலோடு பிணைந்ததாகும். ஆர்க்காட்டு நவாப்பின் கடன் எனப்படும் அவ்விவகாரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமைப் பத்திரமும் கையூட்டும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி 1600 டிசெம்பர் 31 ஆம் நாள் எலிசபெத் அரசியார் வழங்கிய உரிமைப் பத்திரத்தினாற் பிறந்தது. கீழைத்தேய வாணிபத்தில் அதற்குக் கிடைத்த தனியுரிமை இயற்கையாய் அமைந்ததன்று, அரசு கொடுத்தது, எனவே அரசு மீளப்பெறவும் கூடியது. இதனால், தன் வாணிபத்தைக் காப்பதற்கு ஆட்சியாளரின் தயவைக் காக்கவேண்டிய நிலையிற் கம்பனி தொடக்கம் முதலே இருந்தது. அதிகாரம் எங்கிருந்ததோ அங்கே அதன் பணமும் சென்றது. 1688 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அதிகாரத்தின் பெரும்பகுதி மன்னனிடமிருந்து பாராளுமன்றத்துக்கு மாறியபோது, கம்பனியின் கொடைகளும் பாராளுமன்றத்தை நோக்கித் திரும்பின.

1695 இல் நிகழ்ந்த பாராளுமன்ற விசாரணை இதனை அம்பலமாக்கியது. கணக்குக் காட்டப்படாத பெருந்தொகைகள் கம்பனியின் பேரேடுகளிற் காணப்பட்டன. அதன் ஆளுநராயிருந்த சேர் தோமஸ் குக் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். மன்னனின் முதன்மை ஆலோசகருள் ஒருவரான லீட்ஸ் கோமகன் மீது அரசியற் குற்றச்சாட்டுக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அவ்வழக்கு முடிவடையவில்லை. கோமகன் தண்டனை பெறவுமில்லை.

கையூட்டு வெளிப்பட்டபின் பணம் வேறு வழியை நாடியது. 1698 இற் போட்டிக் கம்பனியொன்று அரசாங்கத்துக்கு இருபது இலட்சம் பவுணை நூற்றுக்கு எட்டு வட்டிக்குக் கடனாகக் கொடுத்து உரிமைப் பத்திரம் பெற்றது. முன்னர் மறைவிற் கொடுக்கப்பட்டது இப்பொழுது சட்டத்தின் துணையோடு வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டது. பின்னர் இரு கம்பனிகளும் ஒன்றாயின. வங்காளத்தின் திவானி உரிமை 1765 இற் கம்பனிக்குக் கிடைத்ததும், ஆண்டுதோறும் நாலு இலட்சம் பவுண் அரசுக்குச் செலுத்தவேண்டுமென 1767 இற் பாராளுமன்றம் விதித்தது. இவ்வகையிற் கம்பனி அரசை நாடியிருந்தது போலவே அரசும் கம்பனியின் வருவாயை நாடத் தொடங்கியது.

வைரமும் வெற்றுத் தொகுதியும்

கம்பனியின் பணம் ஒருபுறமிருக்க, கம்பனி ஊழியர் தனிப்பட்ட முறையில் ஈட்டிய பணம் பாராளுமன்றத்தினுள் இன்னும் ஆழமாக ஊடுருவியது. இதற்கு அக்காலத் தேர்தல் முறை பெரிதும் இடமளித்தது. பொதுச்சபையின் 558 உறுப்பினருட் பலர், வாக்காளர் மிகச் சிலரேயுள்ள சிறு தொகுதிகளிலிருந்து தெரிவாயினர். அத்தொகுதிகள் நிலபுலன்கள் போலவே விற்கவும் வாங்கவும் பட்டன.

1698 முதல் 1709 வரை சென்னை சென். ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராயிருந்த தோமஸ் பிற், இந்தியாவில் வாங்கிய புகழ்பெற்ற வைரத்தை 1717 இற் பிரான்சிய ஆட்சியாளருக்கு 135,000 பவுணுக்கு விற்றார். குடியிருப்பு அற்றுப்போன ஓல்ட் சாரம் என்னும் தொகுதியும் அவர் குடும்பத்துக்கு உடைமையாயிருந்தது. அவருடைய பேரனான மூத்த வில்லியம் பிற் 1735 இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்தது அவ்வெற்றுத் தொகுதியின் பிரதிநிதியாகவே. சென்னையிற் சேர்ந்த செல்வம் இரு தலைமுறைக்குள் இங்கிலாந்தின் அரசியல் தலைமையையே தோற்றுவித்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

பிளாசிப் போருக்குப் பின் இப்போக்கு மிகுந்தது. கீழ்நாட்டிற் செல்வம் திரட்டித் தாயகம் மீண்டோரை ஆங்கிலேயர் இகழ்ச்சியாக 'நபொப்' என அழைத்தனர். நவாப் என்னும் சொல்லின் திரிபே இது. றொபேட் கிளைவ் 1761 முதல் இறக்கும் வரை உறுப்பினராயிருந்ததோடு, உறவினரும் நண்பருமான சிலரையும் சபையுள் அமர்த்தினார். 1774 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சாப்ற்ஸ்பரித் தொகுதியிற் கூத்துப் பாத்திர வேடம் பூண்ட ஒருவன் கதவுத் துளையூடாகப் பொற்காசுப் பொதிகளை வாக்காளருக்கு நீட்டியமை விசாரணையில் வெளிவந்தது. அங்கு போட்டியிட்ட இரு கம்பனிச் செல்வந்தருள் ஒருவரான தோமஸ் ரம்போல்ட் தண்டனை ஏதும் பெறவில்லை. மாறாக 1778 இற் சென்னையின் ஆளுநராகப் பதவியேற்றார்.

நவாப்பின் கடன்

கர்நாடகப் பிரதேசத்தின் ஆட்சியாளரான நவாப் முகம்மது அலி, பிரான்சியருக்கு எதிரான போர்களில் ஆங்கிலக் கம்பனியின் துணையினாலேயே அரியணையைக் காத்துக்கொண்டவர். அப்போர்களின் செலவு அவர் தலையில் விழுந்தது. அதைச் செலுத்த வழியின்றி, சென்னையிலிருந்த கம்பனி ஊழியரிடமே தனிப்பட்ட முறையிற் கடன் வாங்கினார். நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வட்டி வாங்கப்பட்ட காலமும் உண்டு. கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாயைக் கடன்கொடுத்தோருக்கு நவாப் எழுதிக்கொடுத்தார்.

இவ்வேற்பாட்டின் உட்பொருளைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். கம்பனிக்குச் சேரவேண்டிய பணத்தை நவாப்பிடமிருந்து பெற்றுக்கொடுப்பது கம்பனி ஊழியரின் கடமை. ஆனால் அதே நவாப்பிடமிருந்து தம் சொந்தக் கடனுக்கு வட்டி பெறுவது அவ்வூழியரின் நலன். கம்பனிக்கு நவாப் செலுத்தவேண்டிய தவணை தாமதமாகத் தாமதமாக, அவருக்குப் புதுக்கடன் தேவையாயிற்று; புதுக்கடன் கொடுப்போர் தாமதத்தைக் கண்டும் காணாதிருந்தனர். கடன் வளர்வதே அவர்தம் இலாபமாயிற்று. 1767 இல் ஒரு பகுதிக் கடன் திரட்டி எழுதப்பட்டது. 1777 இல் 'குதிரைப்படைக் கடன்' எனவும் 'திரட்டிய கடன்' எனவும் மேலும் இரு பகுதிகள் சேர்ந்தன. உண்மையிற் கைமாறிய பணம் எவ்வளவு, ஏட்டிற் பெருகிய தொகை எவ்வளவு என்பதைக் கடன்கொடுத்தோரன்றிப் பிறர் அறியார்.

சுமை குடியானவர் மீதே இறங்கியது. வரிக்குத்தகை எடுத்தோர், அடுத்த ஆண்டு அக்குத்தகை தமக்கே கிடைக்கும் என்ற உறுதியின்றி, இயன்றதை இயன்ற விரைவிற் கறக்க முயன்றனர். நீர்ப்பாசன ஏரிகளைப் பேணுதற்கு ஒதுக்கவேண்டிய பணமும் வட்டியாய்ப் போயிற்று. மழையை நம்பிய நாட்டில் ஏரி பழுதுபடுதல் பஞ்சத்துக்கு வழிகோலுதலாகும். கர்நாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பதினாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருந்தன எனவும், அவற்றைக் கட்டிய பண்டை மன்னர் தம் குடிகளின் எதிர்காலத்தை எண்ணிச் செயற்பட்டோர் எனவும் எட்மண்ட் பேர்க் பின்னாளிற் பொதுச்சபையில் எடுத்துரைத்தமை இக்காரணம் பற்றியே.

தஞ்சையும் பிகொட் பிரபுவும்

கடன் ஈடு போதாதாகவே வளம் மிக்க தஞ்சாவூர் மீது கண் திரும்பியது. 1773 இற் கம்பனிப் படை தஞ்சையைக் கைப்பற்றி நவாப்பிடம் ஒப்படைத்தது. மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். இலண்டனிலிருந்த பணிப்பாளர் சபை இச்செயலை ஏற்காது, மன்னரை மீண்டும் அரியணையில் ஏற்றுமாறு பணித்துப் பிகொட் பிரபுவை ஆளுநராக அனுப்பியது. 1776 ஏப்ரிலில் அவர் அப்பணியை நிறைவேற்றினார்.

அப்பொழுதுதான் போல் பென்பீல்ட் என்னும் கீழ்நிலை ஊழியன் முன்வந்தான். ஆண்டுக்குச் சில நூறு பவுண் ஊதியம் பெற்ற அவன், நவாப்புக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகத் தஞ்சை வருவாயில் 162,000 பவுணும், தஞ்சைக் குடிகளுக்குக் கொடுத்த கடனாக 72,000 பவுணும் தனக்குச் சேரவேண்டும் எனக் கோரினான். இத்துணைப் பெருந்தொகை அவனுக்கு எங்ஙனம் வந்தது என்பதற்குத் தக்க சான்று இல்லை. ஆளுநர் மறுத்தார். ஆயின் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர் பென்பீல்டின் பக்கம் சாய்ந்தனர். முரண்பாடு முற்றி, 1776 ஓகஸ்ட் 24 ஆம் நாள் ஆளுநரையே அவர்கள் கைதுசெய்தனர். காவலில் இருந்தவாறே 1777 மே மாதத்திற் பிகொட் பிரபு இறந்தார்.

இச்செயலுக்குப் பொறுப்பான நால்வருக்கு 1780 இல் இங்கிலாந்தில் தண்டனை விதிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் விதிக்கப்பட்ட தண்டம் ஆயிரம் பவுண் மட்டுமே. அவர்களுள் முதல்வரான ஜோர்ஜ் ஸ்ராற்றன் அவ்வேளை பாராளுமன்ற உறுப்பினராய் வீற்றிருந்தார். அதே 1780 இற் பென்பீல்டும் கிறிக்லேட் தொகுதியின் உறுப்பினனானான். நவாப்பின் முகவராயிருந்த ஜோன் மக்பேர்சனும் அத்தொகுதியிலிருந்தே சபைக்கு வந்தவர். அங்கு நிலவிய இலஞ்சத்தின் மிகுதியால், 1782 இற் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் வாக்குரிமையை விரித்துத் தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. நவாப்பின் மற்றொரு முகவரான ஜேம்ஸ் மக்பேர்சன் கமெல்போட் தொகுதியின் உறுப்பினராக 1780 முதல் இறக்கும் வரை இருந்தார். இவ்வாறு, தமிழ்நிலத்தின் ஆட்சியாளன் ஒருவனுக்கும் அவனுக்குக் கடன் கொடுத்தோருக்கும் இங்கிலாந்தின் சட்டசபையிற் குரல் இருந்தது. அக்கடனைத் தம் உழைப்பால் அடைத்த குடிகளுக்கோ அங்கும் குரலில்லை, தம் நாட்டிலும் குரலில்லை.

1783 முதல் 1785 வரை

1783 இற் சாள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸ் கொண்டுவந்த இந்திய மசோதா, கம்பனியின் ஆட்சியதிகாரத்தைப் பாராளுமன்றம் நியமிக்கும் ஆணையாளரிடம் ஒப்படைக்க முனைந்தது. கம்பனி முழுமூச்சாய் எதிர்த்தது. துண்டுப் பிரசுரங்களும் கேலிச்சித்திரங்களும் இலண்டனெங்கும் பரவின. ஒரு கம்பனியின் உரிமைப் பத்திரத்தில் அரசு கைவைக்குமாயின் நாட்டின் எந்நகரின் உரிமையும், எவரின் சொத்தும் பாதுகாப்பாயிராது என்பதே அப்பிரசாரத்தின் சாரம். தன் நலனைப் பொதுமக்களின் சுதந்திரமாகக் காட்டும் இத்தருக்கம் கவனத்துக்குரியது. பிற்காலக் கம்பனிகளும் இதனைப் பலமுறை எடுத்தாண்டுள்ளன. மசோதா பொதுச்சபையில் நிறைவேறிற்று. ஆயின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் தன் விருப்பின்மையைப் பிரபுக்களுக்குத் தெரிவிக்கவே, டிசெம்பர் 17 ஆம் நாள் பிரபுக்கள் சபை 95 க்கு 76 வாக்குகளால் அதனைத் தோற்கடித்தது. அமைச்சரவை நீக்கப்பட்டது. முன்னர்க் குறித்த சென்னை ஆளுநரின் கொள்ளுப்பேரனான இளைய வில்லியம் பிற், இருபத்துநான்கு வயதிற் பிரதமரானார்.

அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலிற் கம்பனியின் செல்வாக்குப் பிற்றின் பக்கமே நின்றது. 1784 ஓகஸ்டில் நிறைவேறிய பிற்றின் இந்தியச் சட்டம் கட்டுப்பாட்டுச் சபை ஒன்றை நிறுவியதோடு, ஆர்க்காட்டுக் கடன்களின் உண்மையை ஆராய வேண்டுமெனவும் விதித்தது. பணிப்பாளர் சபையும் ஆராயவே முற்பட்டது. ஆனால் ஹென்றி டண்டாஸ் முதன்மை பெற்றிருந்த கட்டுப்பாட்டுச் சபை அக்கட்டளையை மாற்றியது. மூன்று பகுதிக் கடன்களும் விசாரணையின்றியே ஏற்கப்பட்டன. அவற்றைத் தீர்ப்பதற்குக் கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் பன்னிரண்டு இலட்சம் வராகன், அதாவது 480,000 பவுண், ஒதுக்கப்பட்டது. ஹைதர் அலியின் 1780 ஆம் ஆண்டுப் படையெடுப்பினாலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தினாலும் பாழடைந்து கிடந்த நாட்டின் மீதே இச்சுமை ஏற்றப்பட்டது.

1785 பெப்ரவரி 28 ஆம் நாள் பேர்க் ஆற்றிய பேருரை இத்தீர்மானத்தின் காரணத்தை நேரடியாகச் சுட்டியது. பென்பீல்ட் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினரைக் கடந்த பாராளுமன்றத்தில் உண்டாக்கினான் எனவும், அவனுடைய முகவரான றிச்சட் அற்கின்சன் 1784 ஆம் ஆண்டுத் தேர்தலில் அரசாங்கத்துக்காக உழைத்தார் எனவும், விசாரணையற்ற ஏற்பே அவ்வுழைப்புக்குக் கிடைத்த கைம்மாறு எனவும் அவர் குற்றஞ்சாட்டினார். ஆவணங்களைச் சபைமுன் வைக்குமாறு கோரிய பிரேரணை பெரும்பான்மை வாக்குகளால் தோற்றது.

மதிப்பீடு

இவ்விடத்து இரு மறுப்புகளை எதிர்நோக்குதல் முறையாகும். முதலாவது, பேர்க்கின் நடுநிலை பற்றியது. அவருடைய நெருங்கிய நண்பரும் உறவினர் போன்றவருமான வில்லியம் பேர்க், தஞ்சை மன்னரின் முகவராய்ப் பணியாற்றியவர். ஆகவே நவாப்பின் தரப்பைச் சாடியவரும் முற்றிலும் பற்றற்றவர் அல்லர். இஃது உண்மையே. ஆனால் இதனால் அவர் குற்றச்சாட்டுப் பொய்யாகிவிடாது. இந்திய மன்னரின் வழக்கு எதுவாயினும், முகவர் ஒருவரின் வழியாகவே அச்சபையைச் சென்றடைய முடிந்தது என்பதையே இதுவும் உணர்த்துகின்றது.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. கிழக்கிந்தியக் கம்பனியின் அரசியல் தொடர்புகளை ஆராய்ந்து 1952 இல் நூல் வெளியிட்ட லூசி சதர்லன்ட் போன்றோரின் ஆய்வுகள், கம்பனிச் சார்பினர் ஒரே அணியாய் இயங்கவில்லை என்பதையும், அவர்களுக்குள்ளேயே கடும் பூசல்கள் இருந்தன என்பதையும் தெளிவாக்கின. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் கொண்ட சபையில் எட்டுப்பேர் எம்மாத்திரம் என வினவலாம். ஆனால் பணம் பெரும்பான்மையைத் தேடிச் செல்வதில்லை. ஏனைய உறுப்பினர் அக்கறை கொள்ளாத ஒரு விடயத்தில், கூரிய அக்கறையுள்ள ஒரு சிறு குழுவே போதுமானது. கர்நாடகக் கடன் எந்த ஆங்கில வாக்காளனுக்கும் வாழ்வுப் பிரச்சினையன்று. கடன்கொடுத்தோருக்கோ அதுவே வாழ்வு. இவ்வேறுபாட்டிலேதான் அவர்தம் வலிமை தங்கியிருந்தது.

விசாரணையைத் தவிர்த்ததன் பொருள் யாது என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. கர்நாடகத்தைக் கம்பனி 1801 இல் தன்வசப்படுத்தியபின், நவாப்புகள் மீது எழுந்த புதிய கடன் கோரிக்கைகளை ஆராய 1805 இல் ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். அவர்கள்முன் வந்த கோரிக்கைகளின் மொத்தம் மூன்று கோடிப் பவுணைத் தாண்டியது. உண்மையானவையென ஏற்கப்பட்டவை அதிற் பத்தில் ஒன்றுக்கும் குறைவே. 1784 இலும் இத்தகைய விசாரணை நிகழ்ந்திருப்பின் முடிவு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. பென்பீல்ட் 1810 இற் பாரிஸ் நகரில் வறியவனாய் இறந்தான். அவனுடைய செல்வம் நிலைக்கவில்லையாயினும், அதனை வட்டியாய்ச் செலுத்திய குடிகளுக்கு அதனால் ஈடு ஏதும் கிடைக்கவில்லை.

முடிவுரை

ஓல்ட் சாரம் போன்ற தொகுதிகள் 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தினால் ஒழிந்தன. 1872 இல் இரகசிய வாக்களிப்பு வந்தது; 1883 இல் வேட்பாளரின் தேர்தற் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிற் கூட்டாட்சித் தேர்தல்களுக்குக் கம்பனிகள் நேரடியாக நன்கொடை வழங்குதல் 1907 இல் தடுக்கப்பட்டது. இலங்கையில் வேட்பாளரின் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023 இலேயே இயற்றப்பட்டது. இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள். எனினும் இச்சட்டங்களின் வரலாறு, 1695 இற் காணப்பட்டது போலவே, ஒரு வழி அடைபட்டதும் பணம் மறுவழி காண்பதையும் காட்டுகின்றது. வாக்காளனின் கையிற் காசு வைக்கும் வழி அருகியபின், கட்சி நிதியும் பிரசாரச் செலவும் பெருவழிகளாயின.

ஆர்க்காட்டு விவகாரம் உணர்த்தும் பாடம் தேர்தல் இலஞ்சத்தோடு நின்றுவிடுவதன்று. கடன்கொடுத்தோரே கணக்குப் பார்க்கும் இடத்திலும் செல்வாக்குப் பெற்றனர் என்பதே அதன் சாரம். சட்டம் விசாரணையை விதித்திருந்தது. சட்டத்தை நடத்துவோர் அதனைக் கைவிட்டனர். ஆகவே கம்பனிப் பணத்தின் செல்வாக்கை எத்தனை உறுப்பினர் வாங்கப்பட்டனர் என்று எண்ணி மட்டும் அளவிட இயலாது. நடந்திருக்கவேண்டிய எந்த விசாரணை நடைபெறாது போயிற்று, அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பவற்றையும் கேட்டல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அச்செலவு, வெஸ்ற்மின்ஸ்ரர் என்ற பெயரையே கேட்டறியாத உழவர் தலையில் விழுந்தது. இன்றைய உழவருக்கும் தொழிலாளருக்கும் வாக்குரிமை உண்டு. அவ்வுரிமை கணக்குக் கேட்கும் உரிமையாகவும் விரிவடையும் பொழுதே சனநாயகம் தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.